கண்ட்ரோல் லைன் கைப்பிடி: மாதிரி விமானத்தின் மறுமுனை

கண்ட்ரோல் லைன் கைப்பிடி என்பது, இரண்டு மெல்லிய கம்பிகளின் முனையில் வட்டமாகப் பறக்கும் மாதிரி விமானத்தைத் தரையில் நிற்பவர் இயக்கப் பயன்படுத்தும் பிடி. கம்பிகளின் ஒரு முனை விமானத்தின் இறக்கைக்குள் இருக்கும் நெம்புகோலோடும், மறுமுனை பறக்கவிடுபவரின் கையில் உள்ள கைப்பிடியோடும் இணைந்திருக்கும். கைப்பிடியைப் பின்னால் சாய்த்தால் விமானம் மேலேறும். முன்னால் சாய்த்தால் கீழிறங்கும். ரேடியோ கருவியோ மின்னணுச் சுற்றோ இதற்குத் தேவையில்லை.

விமானத்தின் இயந்திரம், இறக்கை வடிவம், பால்சா மரம் ஆகியவை பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கின்றன. கைப்பிடி பலர் கண்ணில் பட்டதில்லை. ஆனால் இந்த விளையாட்டின் வரலாற்றில் மிக அதிகமாகத் திருத்தப்பட்ட உறுப்புகளில் அதுவும் ஒன்று. விமானம் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும் அது கேட்பது மனித மணிக்கட்டின் பேச்சை. மணிக்கட்டின் அசைவைக் கம்பியின் அசைவாக மாற்றும் இடம் கைப்பிடி. அங்கே செய்யும் சில மில்லிமீட்டர் மாற்றம், விமானம் ஒழுங்காகப் பறப்பதா தரையில் மோதுவதா என்பதைத் தீர்மானிக்கும்.

கட்டிப் பறக்கவிடுதல்

பறப்பதைக் கட்டிப் பறக்கவிடும் எண்ணம் பழையது. பொன்வண்டின் கழுத்தில் நூல் கட்டிச் சுற்றவிடுவதும், தும்பியின் வாலில் நூல் முடிந்து விடுவதும் தமிழ்நாட்டுச் சிறுவர்களின் பழைய விளையாட்டுகள். பட்டம் விடுபவர்கள் பட்டத்தின் மேல் முடியும் நூலமைப்பைச் சென்னையில் 'சூத்திரம்' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்கு 'முச்சை' என்று பெயர். சூத்திரத்தின் ஒரு முடிச்சைச் சற்றே நகர்த்தினால் பட்டம் குத்துவதும் நிற்பதும் மாறும். கண்ட்ரோல் லைன் கைப்பிடியைத் திருத்துவதும் அந்த வகை வேலைதான்.

விமான ஆராய்ச்சியிலும் கட்டிப் பறக்கவிடுதல் தொடக்கத்திலேயே பயன்பட்டது. பிரான்சைச் சேர்ந்த விக்தோர் தாத்தேன் 1879-ல் அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றை ஒரு கம்பத்தில் கட்டி வட்டப் பாதையில் ஓடவிட்டு எழச் செய்தார். அந்த விமானம் கட்டுப்பட்டிருந்தது, ஆனால் அதைக் கட்டுப்படுத்த வழியில்லை. அது எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பதை வெளியிலிருந்து ஒருவர் சொல்ல முடியாது. அந்த இடைவெளியை நிரப்ப இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

1930களில் சிறிய பெட்ரோல் இயந்திரங்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. அவற்றைப் பொருத்திய மாதிரி விமானங்கள் கட்டற்றுப் பறந்தன. எரிபொருள் தீரும்வரை ஏறி, காற்றின் போக்கில் மிதந்து, எங்கோ இறங்கும். பல மாத உழைப்பு ஒரே மாலையில் காணாமல் போவது வழக்கமாக இருந்தது. பெரிய வெளிநிலம் இல்லாத ஊர்களில் பறக்கவிடவே முடியாது. சிறிய இடத்தில், கண்முன்னே, பறக்கவிடுபவர் சொன்னபடி பறக்கும் விமானம் என்பதே அன்றைய தேவை.

இரு கம்பிகள் வந்த கதை

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிரெஷாம் என்ற ஊருக்கருகே ஓபா செயின்ட் கிளேர் என்பவர் 1936-ல் தரையிலிருந்து கம்பிகளால் இயக்கும் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். அவரது அமைப்பு, பின்னாளில் பரவிய சிறிய கைப்பிடியைவிடப் பெரியதும் சிக்கலானதும் ஆகும். அவர் அதை விற்பனைப் பொருளாக ஆக்கவில்லை.

டெக்சாஸ் மாநிலத்தின் ஷூலன்பர்க் ஊரில் விக்டர் ஸ்டான்சல் வேறொரு வழியில் சென்றார். தூண்டில் கழி போன்ற ஒரு கோலின் நுனியில் ஒற்றைக் கம்பியைக் கட்டி, கோலை உயர்த்தியும் தாழ்த்தியும் விமானத்தின் போக்கை மாற்றும் முறை அவருடையது. அந்த முறையில் பறக்கும் 'டைகர் ஷார்க்' என்ற விமானத்தின் கட்டுமானப் பெட்டியை அவர் 1940-ஐ ஒட்டி விற்றார்.

அதே காலத்தில், கிரெஷாமுக்குப் பக்கத்திலுள்ள போர்ட்லாந்து நகரில் மாதிரி விமானத் தொழிற்சாலை நடத்திவந்த ஜிம் வாக்கர், இரு கம்பிகளும் ஒரு கைப்பிடியும் கொண்ட முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 'ஃபயர்பால்' என்ற அவரது விமானத்தோடு 'யூ-கண்ட்ரோல்' என்ற பெயரும் பரவியது. 1942-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. வாக்கர் வியாபாரி மட்டுமல்ல, வித்தைக்காரரும்கூட. இரு கைகளில் இரண்டு கைப்பிடிகளும் தலையில் கட்டிய ஒன்றுமாக மூன்று விமானங்களை ஒரே நேரத்தில் பறக்கவிட்டுக் காட்டுவார்.

போருக்குப் பிறகு இந்த விளையாட்டு பெருகியபோது, இரு கம்பி முறையைப் பயன்படுத்திய நிறுவனங்கள் வாக்கருக்குக் காப்புரிமைத் தொகை செலுத்த வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் சிறிய இயந்திரங்களும் பிளாஸ்டிக் விமானங்களும் செய்துவந்த லெராய் காக்ஸ் அதை ஏற்கவில்லை. 1950களின் நடுப்பகுதியில் வழக்கு நீதிமன்றம் சென்றது. காக்ஸ் தரப்பு ஓபா செயின்ட் கிளேரைத் தேடிக் கண்டுபிடித்துச் சாட்சியாக நிறுத்தியது. வாக்கருக்கு முன்பே கம்பிக் கட்டுப்பாடு பறந்து காட்டப்பட்டது நிறுவப்பட்டதும் காப்புரிமை செல்லாமல் போனது.

இதன் விளைவு பெரியது. இரு கம்பி முறை யாருக்கும் தனிச்சொத்தாக இல்லாமல் எல்லோருக்கும் பொதுவானது. எந்த நாட்டிலும் எந்த மாணவரும் ஒரு மரத்துண்டை அறுத்துக் கைப்பிடி செய்துகொள்ளலாம், தன் கைக்கு ஏற்பத் திருத்தலாம், அந்தத் திருத்தத்தை மற்றவர்களோடு பகிரலாம். கைப்பிடியின் பிற்கால வளர்ச்சி பெரும்பாலும் தனியார் பட்டறைகளிலும் மொட்டை மாடிகளிலும் நடந்ததற்கு இது ஒரு காரணம்.

கைப்பிடி இயங்கும் விதம்

விமானத்தின் உள்ளே 'பெல் கிராங்க்' எனப்படும் சிறிய முக்கோண நெம்புகோல் ஓர் ஆணியில் சுழலும்படி பொருத்தப்பட்டிருக்கும். அதன் இரு முனைகளிலும் இரு கம்பிகள். மூன்றாவது முனையிலிருந்து ஒரு தள்ளுகம்பி வாலிலுள்ள எலிவேட்டர் தகட்டுக்குச் செல்லும். கைப்பிடியைச் சாய்க்கும்போது ஒரு கம்பி இழுபடும், மற்றது தளரும். நெம்புகோல் சுழன்று தள்ளுகம்பியை நகர்த்தும். எலிவேட்டர் மேலோ கீழோ மடங்கும்.

கைப்பிடியில் இரு கம்பிகளும் கட்டப்படும் புள்ளிகளுக்கு இடையிலான தூரமே முதன்மையான அளவு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கம்பி இடைவெளி 100 மி.மீ. என்றும், விமானத்திலுள்ள நெம்புகோலின் இரு முனைகளுக்கிடையே 75 மி.மீ. என்றும் கொள்வோம். கைப்பிடியை 20 பாகை சாய்த்தால் ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 17 மி.மீ. நகரும், நெம்புகோல் 27 பாகை சுழலும். இடைவெளியை 80 மி.மீ. ஆகக் குறைத்தால் அதே 20 பாகைச் சாய்வுக்குக் கம்பி 14 மி.மீ. அளவே நகரும், நெம்புகோல் 21 பாகைதான் சுழலும். விமானத்தில் எதையும் தொடாமலேயே அதன் துடிப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது.

கம்பிகள் எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும். அந்த விறைப்பைத் தருவது வட்டப் பாதையில் பறக்கும் விமானத்தின் மையவிலக்கு இழுப்பு. 15 மீ. கம்பியில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் பறக்கும் அரைக் கிலோ எடையுள்ள பயிற்சி விமானம், கையை ஏறத்தாழ 1.7 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். 20 மீ. கம்பியில் மணிக்கு 87 கி.மீ. வேகத்தில் பறக்கும் 1.8 கிலோ எடையுள்ள சாகச விமானத்தின் இழுப்பு 5 கிலோவைத் தாண்டும். வேகப் போட்டி விமானங்கள் மணிக்கு 300 கி.மீ. வேகத்தை எட்டக்கூடியவை. அரைக் கிலோ எடையுள்ள விமானம் அந்த வேகத்தில் 17.69 மீ. கம்பியில் சுற்றினால் இழுப்பு சுமார் 20 கிலோ. இந்த விசை முழுவதையும் தாங்குவது கைப்பிடியும் அதைப் பிடித்த விரல்களும்.

மணிக்கட்டின் கணக்கு

கட்டை விரல் மேலே இருக்க, கையை விமானத்தை நோக்கி நீட்டிக் கைப்பிடியைப் பிடிக்கும்போது, மணிக்கட்டு பின்பக்கமாகச் சாயக்கூடிய அளவும் முன்பக்கமாகச் சாயக்கூடிய அளவும் சமமல்ல. கட்டை விரல் பக்கமாக மணிக்கட்டு சுமார் 20 பாகைதான் மடங்கும். சுண்டு விரல் பக்கமாக 30 பாகை வரை மடங்கும். அதாவது விமானத்தை மேலேற்றும் அசைவுக்கு இடம் குறைவு. கீழிறக்கும் அசைவுக்கு இடம் அதிகம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கோலை இயல்பாகப் பிடித்துக் கையை நீட்டினால் கோல் செங்குத்தாக நிற்காது. அதன் மேல்முனை சற்று முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். நேர்க்கோடாகச் செய்த கைப்பிடியை அப்படித் தளர்வாகப் பிடித்தால் மேல் கம்பி தளர்ந்து, விமானம் கீழிறங்கும் கட்டளையைப் பெறும். புதிதாகப் பழகுபவர் அதைச் சரிசெய்ய மணிக்கட்டை எப்போதும் பின்னால் இழுத்துப் பிடிப்பார். சில சுற்றுகளில் கை சோர்ந்துவிடும். சோர்ந்த கை முன்னால் சாயும் கணத்தில் விமானம் தரையைத் தொடும்.

பறக்கவிடுவோர் இதைப் படிப்படியாகக் கண்டுகொண்டனர். கைபிடிக்கும் பகுதியைக் கம்பி கட்டும் முகத்துக்கு இணையாக வைக்காமல், மேல்புறம் முன்னே சாய்ந்த கோணத்தில் அமைத்தனர். இப்போது மணிக்கட்டு தளர்ந்திருக்கும் நிலையே எலிவேட்டரின் நடுநிலை. தொடக்கநிலை பயிற்சியில் மணிக்கட்டை அசைக்காமல், முழங்கையையும் மடக்காமல், தோளிலிருந்து முழுக் கையையும் உயர்த்தித் தாழ்த்தச் சொல்லித் தருவதும் இதையொட்டியே. அப்படிச் செய்தால் கைப்பிடியின் சாய்வு சிறிதாகவும் மெதுவாகவும் மாறும்.

மூன்றாவது அளவு, கம்பி கட்டும் புள்ளிகள் கைமுட்டியிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கின்றன என்பது. தூரம் அதிகமாக இருந்தால், கம்பியின் இழுப்பே கைப்பிடியை நடுநிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும். கைக்கு அது கனமாகவும் நிதானமாகவும் தெரியும். தூரம் குறைந்தால் கைப்பிடி இலகுவாக அசையும். பழகுபவருக்கு முதலாவது உதவும். சாகசம் செய்பவருக்கு இரண்டாவது தேவை. ஏனென்றால் விமானம் தலைக்கு மேலே செல்லும்போது இழுப்பு குறைகிறது, அந்த நேரத்திலும் கைப்பிடி அதே உணர்வைத் தர வேண்டும். கம்பிகளின் நடுக்கோடு கைமுட்டியின் நடுவுக்கு மேலே அமைந்தால் இழுப்பு கைப்பிடியை முன்னால் சாய்க்கும். கீழே அமைந்தால் பின்னால் சாய்க்கும். இதையும் சமன் செய்ய வேண்டும்.

வடிவங்களின் வரிசை

முதல் கைப்பிடிகள் ஒட்டுப்பலகையிலோ மரத்திலோ அறுத்தவை. மேலொன்றும் கீழொன்றுமாக இரு துளைகளில் கம்பியைக் கட்டினால் போதும். நடுநிலை சரியில்லையென்றால் ஒரு கம்பியை அவிழ்த்துச் சுருக்கி மறுபடி கட்ட வேண்டும். களத்தில் அது தொல்லை பிடித்த வேலை.

அதற்குத் தீர்வாக வந்தது தொடர்வடக் கைப்பிடி. ஒரே முறுக்குக் கம்பி கைப்பிடியின் உள்ளே ஓடி மேலும் கீழும் வெளிவரும். ஒரு திருகைத் தளர்த்தி வடத்தைச் சற்று இழுத்தால் நடுநிலை மாறும்; திருகை இறுக்கினால் நிற்கும். 'ஈசி-ஜஸ்ட்', 'ஹாட் ராக்' போன்ற கைப்பிடிகள் இந்த முறையால் பெயர் பெற்றன. இவற்றிலும் குறை இருந்தது. வடம் வளையக்கூடியது என்பதால், இழுப்பு குறையும்போது அது முதலில் வளைந்துவிட்டுப் பிறகுதான் கம்பியை இழுக்கும். கையின் அசைவுக்கும் விமானத்தின் அசைவுக்கும் இடையே ஒரு மந்தம் ஏற்பட்டது. வடம் வெளிவரும் விளிம்பில் திரும்பத் திரும்ப மடங்குவதால் அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து போவதும் உண்டு. கடையில் வாங்கிய கைப்பிடியைத் திருத்தும் பழக்கம் பெருகியது இங்கேதான். பலர் வடத்தைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்தில் ஓர் உலோகப் பட்டையைப் பொருத்தினர்.

ஜிம் வாக்கரின் 'யூ-ரீலி' கைப்பிடிக்குள்ளேயே கம்பி சுற்றும் உருளை இருந்தது. பறக்கவிட்டு முடித்ததும் கம்பியைச் சிக்கலின்றிச் சுருட்டிக்கொள்ளலாம். இயந்திரத்தின் வேகத்தை மாற்ற மூன்றாவது கம்பியும் விரலால் இழுக்கும் விசையும் அதில் இடம்பெற்றன. ஸ்டான்சலின் 'மோனோலைன்' ஒற்றைக் கம்பி முறை. கைப்பிடியில் முறுக்கிய தண்டின் மேல் ஒரு பிடியை முன்னும் பின்னும் நகர்த்தினால் கம்பி தன் அச்சில் முறுகும். அந்த முறுக்கு விமானத்துக்குள் எலிவேட்டர் அசைவாக மாறும். ஒரு கம்பி குறைந்தால் காற்றுத் தடையும் குறையும் என்பதால் வேக விமானங்களுக்கு அது ஏற்றதாக இருந்தது.

1950களில் ஜார்ஜ் ஆல்ட்ரிச் வடிவமைத்த 'நோப்ளர்' போன்ற சாகச விமானங்களில் எலிவேட்டரோடு சேர்ந்து இறக்கையின் பின்விளிம்பும் மடங்கியது. சதுரம், முக்கோணம், எட்டு வடிவம் என்று வானில் கோலமிடும் இவ்விமானங்களுக்குச் சிறு அசைவையும் அப்படியே கடத்தும் கைப்பிடி வேண்டியிருந்தது. அந்தத் தேவையே வளையாத கட்டுப்புள்ளிகள் கொண்ட கைப்பிடியை நிலைபெறச் செய்தது. அதில் வடம் இல்லை. விறைப்பான பட்டையில் வரிசையாகத் துளைகளோ நகரும் திருகுகளோ இருக்கும். இடைவெளி, நடுநிலை, முன்தூரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே மாற்றலாம்.

இந்தியாவில்

இந்தியாவில் கண்ட்ரோல் லைன் பறத்தல் பரவியதற்கு முக்கியக் காரணம் தேசிய மாணவர் படை. 1948 ஜூலை 16-ல் தொடங்கப்பட்ட அப்படையின் வான்படைப் பிரிவு 1950 ஏப்ரல் 1-ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தலா ஓர் அணியோடு உருவானது. மாதிரி விமானம் செய்தலும் பறக்கவிடுதலும் அதன் பயிற்சியில் சேர்ந்தன. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் மாநில இயக்குநரகங்களின் அணிகள் மோதும் போட்டிகளில் கண்ட்ரோல் லைனும் ஒன்று. தமிழ்நாட்டில் சென்னை, கோவை ஆகிய நகரங்களில் வான்படை அணிகள் செயல்படுகின்றன. பொறியியல் கல்லூரிக்குப் போகாத மாணவர்களும் விமானத்தின் எலிவேட்டர் என்ன செய்கிறது என்பதைக் கையால் உணர இப்பயிற்சி வழி செய்தது.

பொருள்கள் கிடைப்பதுதான் கடினம். பால்சா மரம் பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருவது. கல்கத்தாவின் இந்தியாஸ் ஹாபி சென்டர் போன்ற சில நிறுவனங்களே கட்டுமானப் பெட்டிகளையும் இயந்திரங்களையும் நாடெங்கும் அனுப்பின. மாதிரி டீசல் இயந்திரங்கள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தின. அவற்றுக்கு மின்கலமோ பற்றவைக்கும் செருகியோ வேண்டாம். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் கலந்தால் எரிபொருள் தயார். விளக்கெண்ணெய் புகையின் மணத்தை இந்த விளையாட்டில் ஈடுபட்டவர்கள் மறப்பதில்லை.

தமிழ்நாட்டில் விமானப் பொறியியல் கல்வியின் பழைய நிலையம் சென்னை குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949-ல் நிறுவிய எம்.ஐ.டி. ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அங்கேதான் விமானப் பொறியியல் படித்தார். அதே வளாகத்திலிருந்து பின்னாளில் 'தக்‌ஷா' டிரோன் குழு உருவானது. கம்பி விமானத்திலிருந்து ரேடியோ விமானத்துக்கும் அங்கிருந்து டிரோனுக்கும் மாணவர்களின் ஆர்வம் நகர்ந்ததை இவ்வளாகத்தின் வரலாறு காட்டுகிறது.

சிறிய ஊரில் ஒரு கைப்பிடி

ரேடியோ விமானத்துக்கு நீண்ட வெளியும் விலையுயர்ந்த கருவியும் வேண்டும். கம்பி விமானத்துக்கு 15 மீ. கம்பியென்றால் 30 மீ. விட்டமுள்ள வட்டமும் அதைச் சுற்றிப் பார்வையாளர்கள் விலகி நிற்கும் இடமும் போதும். திருவண்ணாமலைக்கு வடக்கே வேலூர் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்கால் போன்ற ஓர் ஊரில் பள்ளி மைதானமே இதற்குப் போதுமானது. இயந்திரத்தை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கலாம். கைப்பிடியை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம்.

தச்சுப் பட்டறையில் மிஞ்சும் தேக்குத் துண்டோ 12 மி.மீ. ஒட்டுப்பலகையோ பிடிக்கு உதவும். முன்முகத்துக்கு 3 மி.மீ. தடிப்புள்ள அலுமினியப் பட்டை. அதில் நடுவிலிருந்து மேலும் கீழுமாக 5 மி.மீ. இடைவெளியில் துளைகள். ஒவ்வொரு துளை நகர்த்தலும் மொத்த இடைவெளியை 5 மி.மீ. மாற்றும், இரு பக்கமும் நகர்த்தினால் 10 மி.மீ. பட்டையின் துளை விளிம்புகளை அரத்தால் மழுக்க வேண்டும். கூரிய விளிம்பு கம்பியை அறுக்கும். பட்டையைப் பிடியோடு இணைக்க, அதிர்வில் கழலாத நைலான் வளைய நட்டுகளே ஏற்றவை. பிடியின் மேல் பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் நாடாவைச் சுற்றினால் வியர்த்த கையிலும் வழுக்காது. பழைய வடக் கைப்பிடியைத் திருத்துவதானால், சைக்கிள் பிரேக் கம்பியை வடமாக மாற்றிப் போடுவதைவிட வடத்தை நீக்கிப் பட்டை பொருத்துவதே நீடித்த தீர்வு.

திருத்தத்தை எப்படித் தொடங்குவது என்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கையைத் தளர்வாக நீட்டி, உதவியாளர் விமானத்தைப் பிடித்திருக்க, கம்பிகளை விறைப்பாக்கி எலிவேட்டர் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பிடியின் கோணத்தையோ ஒரு கம்பியின் நீளத்தையோ மாற்ற வேண்டும். இடைவெளியை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். சமநிலைப் பறப்பில் விமானம் அலை போல ஏறி இறங்கினால் இடைவெளியைக் குறைக்கலாம். கையை முழுவதும் சாய்த்தும் விமானம் திரும்ப மறுத்தால் கூட்டலாம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றமே செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

கைப்பிடியால் தீராத குறையும் உண்டு. விமானத்தின் எடைமையம் மிகவும் பின்னால் இருந்தால் அது இயல்பிலேயே நிலையற்றது. இடைவெளியைக் குறைத்தால் அந்தக் குறை சற்று மறையும், போகாது. அப்போது மூக்கில் எடை சேர்ப்பதே வழி.

பாதுகாப்பு

பறந்துகொண்டிருக்கும் விமானம் கைப்பிடியோடு கழன்று போனால், அது கம்பிகளை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாயும். அதனால் கைப்பிடியிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு பாதுகாப்பு வார் கட்டுவது கட்டாயமாகக் கருதப்படுகிறது. கைப்பிடியைத் திருத்துபவர் வாருக்கான துளையைப் பட்டையில் இடாமல் பிடியின் உறுதியான பகுதியில் இட வேண்டும். சாகசப் போட்டிகளில் பறப்பதற்கு முன் விமான எடையின் 10 மடங்கு விசையால் கம்பி, இணைப்புகள், கைப்பிடி அனைத்தையும் இழுத்துச் சோதிப்பார்கள். 1.8 கிலோ விமானத்துக்கு அது 18 கிலோ. வீட்டில் செய்த கைப்பிடிக்கும் வீட்டிலேயே தராசைக் கட்டி இந்தச் சோதனையைச் செய்யலாம்.

மிகப் பெரிய ஆபத்து மின்கம்பி. கண்ட்ரோல் லைன் கம்பிகள் பெரும்பாலும் எஃகு. அவை மின்கம்பியைத் தொட்டாலோ மிக அருகில் சென்றாலோ மின்சாரம் கைப்பிடி வழியே கைக்கு வரும். மரப் பிடி காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. வட்டத்தின் அருகே மின்கம்பி செல்லும் இடத்தில் பறக்கவிடவே கூடாது; இடி மின்னல் நேரத்திலும் கூடாது. நம் ஊர்களில் மைதானங்களின் ஓரமாகவே மின்தடம் செல்வதால் கம்பியின் நீளத்தை முதலில் தரையில் விரித்து அளந்து பார்ப்பது நல்லது.

மலையடி ஊர்களில் காற்று ஒரே சீராக வீசுவதில்லை. காற்று வரும் பக்கத்தில் விமானம் பறக்கும்போது காற்று அதைப் பறக்கவிடுபவரை நோக்கித் தள்ளும், கம்பி தளரும். தளர்ந்த கம்பியில் கைப்பிடியின் எந்தத் திருத்தமும் பயன்படாது. அதனால் காற்று போகும் பக்கத்தில் விமானத்தை நிறுத்தி எழச் செய்ய வேண்டும். கம்பி தளர்ந்தால் இரண்டடி பின்னால் நகர்ந்து அதை விறைப்பாக்க வேண்டும்.

இன்றைய நிலை

உலக வானூர்தி விளையாட்டுக் கூட்டமைப்பு கண்ட்ரோல் லைன் போட்டிகளை வேகம், சாகசம், அணி ஓட்டம், சண்டை என நான்கு முதன்மைப் பிரிவுகளாக நடத்துகிறது. வேகப் போட்டியில் கைப்பிடியை வட்டத்தின் நடுவிலுள்ள கம்பத்தின் கவையில் வைத்தே பறக்கவிட வேண்டும். கையால் முன்னிழுத்து விமானத்தின் வேகத்தைக் கூட்டுவதைத் தடுக்கவே இந்த விதி. 17.69 மீ. ஆரத்தில் 9 சுற்றுகள் ஒரு கிலோமீட்டர்; அந்த நேரத்திலிருந்து வேகம் கணக்கிடப்படுகிறது.

மின்மோட்டாரும் லித்தியம் மின்கலமும் வந்தபின் எரிபொருள் சிக்கல் குறைந்திருக்கிறது. அசல் விமானங்களின் தோற்றத்தில் செய்யும் மாதிரிகளில் வேகத்தை மட்டும் மாற்ற, கைப்பிடியில் சிறிய ரேடியோ அனுப்பியைப் பொருத்திக்கொள்பவர்களும் உண்டு. எலிவேட்டரை இயக்குவது அவற்றிலும் அதே இரண்டு கம்பிகள்தான்.

டிரோன் காலத்தில் கண்ட்ரோல் லைன் பறத்தல் சிறுபான்மை விளையாட்டாகிவிட்டது. ஆனாலும் பறத்தலின் விசைகளைக் கைவழியே கற்பிப்பதில் அதற்கு இணையான எளிய கருவி குறைவு. டிரோனில் கணினி விமானத்தை நிலையாக வைத்திருக்கும். கம்பி விமானத்தில் அந்த வேலை மணிக்கட்டுடையது. 5 மி.மீ. தள்ளி ஒரு துளை இட்டதும் விமானத்தின் குணம் மாறுவதைக் கையால் உணரும் மாணவர், நெம்புகோல் தத்துவத்தையும் நிலைப்புத்தன்மையையும் பாடநூலுக்கு வெளியே ஒருமுறை கற்றுக்கொள்கிறார்.